கள்ளுக்கடையில் விழுந்த நாலணா

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வளரும் பிள்ளைகளுக்குப் பொருளாதார சாஸ்திரம் கற்பிக்கத் தனியாக ஓர் உபாத்தியாயர் வேண்டுமா என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வருவதுண்டு. வாசலுக்கு வந்தால் தானிய மூட்டை இறங்குகிறது. அடுத்த தெருவில் வெள்ளிக் கொலுசு தயாராகிறது. அதற்கும் அப்பால் மண்டிக்காரர் வரவு செலவு பார்க்கிறார். இவ்வளவும் கண்முன் நடந்தும், ‘மொத்த உள்நாட்டு உற்பத்தி’ என்ற சொற்றொடரைக் கேட்டவுடனே அந்தப் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. புத்தகத்தில் உள்ள தேசம் வேறு, பேட்டையில் உள்ள தேசம் வேறு என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

சில நாட்களுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா! குடிகாரன் சாராயத்துக்குக் கொடுக்கிற பணமும் தேசத்தின் வருமானத்தில் சேருமா?” என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அறியாமலே, இந்தச் சேலம் ஜில்லா ஒரு காலத்தில் தன் வாழ்க்கையையே வைத்துப் பரீட்சை செய்து பார்த்த கேள்வியைக் கேட்டுவிட்டான். அந்தப் பரீட்சையின் கதையை இந்த வாரம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பேரியல் பொருளாதாரத்தின் முதற்பாடங்கள் பெரும்பாலும் அதிலேயே அடங்கியிருக்கின்றன.

1937-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1917 முதல் இரண்டு வருஷம் இவ்வூர் நகரசபையின் தலைவராகவும் இருந்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்து, அங்கிருந்தே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை மதுவிலக்குப் பிரசாரத்துக்காக நடத்தியவர். ஆகவே, மதுவிலக்கை எங்கே தொடங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, தமக்கு நன்கு தெரிந்த ஜில்லாவையே அவர் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிரதேசங்களும் அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவையே.

இப்போது கணக்குக்காக ஒரு கூலிக்காரரை நினைத்துக்கொள்வோம். அவர் முந்தின நாள் வரையில் கள்ளுக்கடையில் நாலணா கொடுத்து வந்தார். அந்த நாலணா எங்கே போயிற்று? கடைக்காரருக்கு ஒரு பங்கு, மரம் ஏறியவருக்கு ஒரு பங்கு, கடைக் குத்தகையாகவும் மரவரியாகவும் சர்க்காருக்கு ஒரு பங்கு. மரம் ஏறியவர் தம் பங்கைக் கொண்டு அரிசி வாங்கினார். சர்க்கார் தன் பங்கிலிருந்து உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுத்தது. அவர் அதில் துணி வாங்கினார். ஒருவர் செலவு இன்னொருவர் வரவு. பேரியல் பொருளாதாரத்தின் அஸ்திவாரம் இவ்வளவுதான். குடும்பத்தில் செலவான பணம் போய்விட்ட பணம். தேசத்தில் செலவான பணம் கைமாறிய பணம்.

கடை மூடியபின் அந்த நாலணா என்ன ஆகும்? மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, அது பாலுக்கும் துணிக்கும் போகலாம். மதுவிலக்கின் பலனைக் குறித்து அக்காலத்தில் நடந்த விசாரணைகளில், குடித்தவர்களின் குடும்பங்கள் உணவுக்கும் உடைக்கும் முன்னைவிட அதிகமாகச் செலவிட்டதாகவே சொல்லப்பட்டது. அப்படியானால் மரம் ஏறியவருக்குப் போன பணம் பால்காரருக்கும் நெசவாளருக்கும் போகிறது. தேசத்தின் மொத்த வருமானம் குறையவில்லை, பெறுகிறவர் மாறினார். ஆனால் மரம் ஏறியவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். மொத்தத் தொகையில் மாறுதல் இல்லை என்பதனால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது வழி, பணத்தைச் சேமித்துத் தபாலாபீஸிலோ பாங்கியிலோ போடுவது. அதை வேறொருவர் கடனாகப் பெற்றுத் தறி வாங்கினால், சேமிப்பு முதலீடாகிறது. பணம் மறுபடியும் நடமாடுகிறது. மூன்றாவது வழி, பானையில் போட்டுப் புதைத்து வைப்பது. அப்போது அந்த நாலணாவைப் பெற்றிருக்க வேண்டிய கடைக்காரருக்கு வரவில்லை. அவரிடமிருந்து பெற்றிருக்க வேண்டியவருக்கும் வரவில்லை. ஒரு வீட்டில் சிக்கனமாக இருப்பது நற்குணம். ஊரில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் பானையை மூடிவிட்டால், ஊரில் எல்லாருக்கும் வருமானம் குறையும்.

எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொருவரும் தமக்கு வந்ததில் கால் பங்கை நிறுத்திக்கொண்டு முக்கால் பங்கைச் செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல்வர் நாலணா செலவழித்தார். அதைப் பெற்றவர் மூன்றணா செலவழித்தார். அடுத்தவர் இரண்டேகால் அணா. இப்படியே தேய்ந்து கொண்டு போகும் தொகைகளையெல்லாம் கூட்டினால் பதினாறு அணா, அதாவது முழுசாக ஒரு ரூபாய் வருகிறது. நாலணாச் செலவு ஒரு ரூபாய் வருமானத்தை உண்டாக்கியது. இதைத்தான் புத்தகத்தில் ‘பெருக்கி’ என்று சொல்லி, சூத்திரம் எழுதி, பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். முதல் நாலணா புதைந்துவிட்டால் அந்த ஒரு ரூபாயும் இல்லை.

சர்க்காரின் பங்குக்கு வருவோம். அக்காலத்து மாகாண அரசுக்கு நிலவரியும் கலால் வரியுமே இரு பெரும் வருவாய்கள். ஜனங்கள் குடித்தால்தான் பள்ளிக்கூடம் நடக்கும் என்ற விபரீத நிலைமை. குழந்தைகளின் கல்விக்கு மது வருமானத்தையே நம்ப வேண்டியிருக்கிறதே என்று மகாத்மா காந்தி 1937-இல் மனம் வருந்தி எழுதினார். ராஜாஜிக்கோ அந்த வருத்தத்துடன் வரவு செலவுத் திட்டமும் இருந்தது. அடுத்த இரண்டு வருஷங்களில் மதுவிலக்கு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களுக்கும் பரவியபோது பள்ளம் பெரிதாயிற்று. அதை நிரப்ப 1939-இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் இவ்வகைப் பொது விற்பனை வரிக்கு அதுவே முதல். குடிக்கிறவர் கொடுத்து வந்ததை இப்போது பொருள் வாங்குகிறவர் எல்லாரும் பகிர்ந்து கொடுக்க வேண்டியதாயிற்று. மதுவிலக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. அதன் விலை வெளிப்படையாகக் கேட்கப்பட்டது என்பதே அதன் பெருமை.

அந்த வரியில் ஒரு குறை இருந்தது. அதைப் புரிந்துகொண்டால் தேச வருமானத்தை எப்படிக் கூட்டுவது என்பதும் புரிந்துவிடும். இன்றைய சேலத்துச் சவ்வரிசியையே உதாரணமாகக் கொள்வோம். குடியானவர் மரவள்ளிக் கிழங்கை 100 ரூபாய்க்கு ஆலைக்கு விற்கிறார். ஆலைக்காரர் அதைச் சவ்வரிசியாக்கி 160 ரூபாய்க்கு விற்கிறார். செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரி 180-க்கும், சில்லறைக் கடைக்காரர் 200-க்கும் விற்கிறார்கள். நான்கு விற்பனைகளையும் கூட்டினால் 640 ரூபாய். ஆனால் நம் வீட்டுப் பாயசத்துக்கு வந்து சேர்ந்ததோ 200 ரூபாய்ப் பண்டம். கிழங்கின் விலையை நாலு தடவை எண்ணியதால் வந்த வீக்கம் இது. ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்த மதிப்பை மட்டும் எடுத்தால் 100, 60, 20, 20. கூட்டினால் சரியாக 200. தேச வருமானம் என்பது இந்தக் கூட்டுத்தொகையே.

1939-ஆம் வருஷத்து வரி, ஒவ்வொரு கை மாறும்போதும் முழு விலையின் மீதே விழுந்தது. நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், 200 ரூபாய்ப் பண்டத்துக்கு வரி இரண்டு ரூபாய் அல்ல. ஆறு ரூபாய் நாற்பது காசு! தமிழ்நாட்டில் 2007-இல் வந்த மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1 முதல் நாடெங்கும் வந்த சரக்கு சேவை வரியும் இந்த வீக்கத்தை நீக்குவதற்காகச் சேர்த்த மதிப்பின் மீது மட்டும் வரி போட முற்பட்டவை.

தேச வருமானத்தைக் கணக்கிடும் வேலை நம் நாட்டில் தேசபக்தியிலிருந்தே பிறந்தது என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. அந்நிய ஆட்சியில் இந்தியா செழிக்கிறது என்று சொன்னவர்களுக்குப் பதிலாக, 1867-68-இல் ஓர் இந்தியனின் சராசரி வருஷ வருமானம் இருபது ரூபாய்தான் என்று தாதாபாய் நௌரோஜி கணக்குப் போட்டுக் காட்டினார். சுதந்திரம் வந்தபின் 1949-இல் மகலனோபிஸ் தலைமையில், காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் ஆகியோர் அடங்கிய தேசிய வருமானக் கமிட்டி அமைக்கப்பட்டது. 1948-49-இல் தலைக்குச் சுமார் 250 ரூபாய் என்று அவர்கள் கண்டார்கள்.

இனி மாணவனின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். ஆம், சாராயத்துக்குக் கொடுத்த பணமும் தேசக் கணக்கில் சேரும். சந்தை விலைப்படி கணக்கிடும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதன் மீது விதித்த வரியும் சேரும். ஆனால் குடித்துவிட்டு வந்தவருக்குக் கஞ்சி காய்ச்சி வைத்த மனைவியின் உழைப்பு சேராது. அதற்கு யாரும் விலை கொடுக்கவில்லை அல்லவா? பாலுக்குச் சென்ற நாலணாவும் கள்ளுக்குச் சென்ற நாலணாவும் அந்தப் பெரிய எண்ணில் ஒன்றேதான். எவ்வளவு என்று அது சொல்லும். எதற்காக என்று சொல்லாது. சொல்லவில்லை என்று எண்ணைக் குறை கூறிப் பயனில்லை. தராசு எடையைத்தான் காட்டும். பண்டம் நல்லதா என்று பார்ப்பது நம் வேலை.

சேலத்துப் பரீட்சை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1939-இல் காங்கிரஸ் மந்திரிசபை ராஜிநாமா செய்தது; போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுவதும் அமலாகி, 1971-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்தத் தொடங்கியது. 2023-24-ஆம் வருஷத்தில் மதுவினால் மாநிலத்துக்குக் கிடைத்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதில் வேடிக்கை என்னவென்றால், ராஜாஜி கண்ட மாற்று வழியாகிய விற்பனை வரியின் பெரும்பகுதி 2017-இல் சரக்கு சேவை வரிக்குள் சென்றுவிட்டது. மாநிலங்கள் தம் கையில் வைத்துக்கொண்ட சில இனங்களில் மது ஒன்று. ஆகவே, கடைகளை மூடு என்று சொல்கிறவர்கள், எந்த வரியை எவரிடம் கேட்பது என்பதையும் 1939-இல் சொன்னது போலச் சொல்லியாக வேண்டும். மூட முடியாது என்று சொல்கிறவர்களோ, அந்தக் கோடிகள் எந்த வீடுகளிலிருந்து வருகின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒருங்கே கேட்கத் தெரிந்த பிள்ளை பொருளாதாரத்தில் தேறிவிட்டான் என்பேன்.

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை. வீட்டுச் செலவுக் கணக்குப் புத்தகத்தில் ‘எதற்கு’ என்ற பத்தி இருக்கும். அதன் அருகில் ‘யாருக்கு’ என்று இன்னொரு பத்தி போட்டு ஒரு வாரம் எழுதி வாருங்கள். அம்மாவின் சமையலுக்கும் ஒரு வரி ஒதுக்கி, தொகை போடும் இடத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த வாரம், விலைவாசி ஏன் ஏறுகிறது என்பதைக் கவனிக்கும்போது அந்தப் புத்தகம் நமக்குத் தேவைப்படும்.