மாற்றத்தின் கதையை யார் சொல்வது?

'மந்தன்' படத்தின் தொடக்கத்தில், தயாரிப்பாளர் பெயர் வரவேண்டிய இடத்தில், குஜராத்தின் 5 லட்சம் உழவர்கள் வழங்கும் படம் என்று எழுத்து வரும். 1976-இல் ஷியாம் பெனகல் இயக்கிய இந்த இந்திப் படத்துக்குப் பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 10 லட்சம் ரூபாய் சேர்ந்தது. படம் வெளியானதும் தங்கள் பணத்தில் எடுத்த படத்தைப் பார்க்க லாரிகளில் ஏறி நகரங்களுக்கு வந்தார்கள்.

தொழிலில் மாற்றம் கொண்டுவர விரும்புவோர் கதை சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று இன்றைய மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். கதை எப்போது வேலை செய்கிறது, எப்போது பொய்த்துப் போகிறது என்பதை ஆனந்த் நகரத்துப் பால்காரர்களின் அனுபவம் எந்த வகுப்பையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

அன்று ஆனந்தை உள்ளடக்கியிருந்த கேடா மாவட்டத்தின் பால் உற்பத்தியாளர்கள், தங்கள் பாலுக்கு உரிய விலை கிடைக்காமல் 1946-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். வல்லபபாய் படேலின் ஆலோசனையை ஏற்று, திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் தாங்களே சங்கம் அமைத்தார்கள். தொடங்கியபோது இருந்தவை 2 கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்கு 247 லிட்டர் பால். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்துக்குப் போய்ச் சேர்ந்தார். எருமைப் பாலிலிருந்து பால் பவுடர் எடுக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லிக்கொண்டிருக்க, பால் தொழில்நுட்பர் எச்.எம். தலாயா அதைச் செய்து காட்டினார். 1955-இல் அதற்கான ஆலை வந்தது. 1970-இல் இந்தக் கூட்டுறவு முறையை நாடெங்கும் கொண்டுசெல்ல வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது.

அப்படிக் கொண்டுசெல்லும்போதுதான் சிக்கல் எழுந்தது. சங்கத்தில் ஊற்றினால் லாபம் என்பதை ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம். ஆனால் கிராமத்தில் பாலை வாங்கும் வியாபாரியே கடனும் கொடுப்பவர். மகள் கல்யாணத்துக்கு முன்பணம் தந்தவரை விட்டுவிட்டு, எங்கிருந்தோ ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரியை நம்பிப் பாலை வேறு கேனில் ஊற்றுவது எப்படி? தாமும் இதே தயக்கத்தைக் கடந்து வந்தவர்கள் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேலையைத்தான் படம் செய்தது. திரையரங்கு ஓட்டம் முடிந்த பிறகு அதன் பிரதிகளைக் கிராமம் கிராமமாக எடுத்துச் சென்றார்கள். கூடவே ஒரு கால்நடை மருத்துவர், ஒரு பால் தொழில்நுட்பர், ஒரு தீவன வல்லுநர் ஆகியோரையும் அனுப்பினார்கள். படம் பார்த்தவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

இனி நம் ஊர்த் தொழிற்கூடங்களுக்கு வருவோம். நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. புதிய இயந்திரம், புதிய கணினி முறை, புதிய ஷிப்ட் என்று எதைக் கொண்டுவந்தாலும் சுற்றறிக்கையைப் படித்து யாரும் மனம் மாறுவதில்லை. சந்தை கைவிட்டுப் போகும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியே இணங்க வைக்க நேரமும் இருப்பதில்லை. எங்கே போகிறோம் என்பதை எல்லாருக்கும் புரியும்படி சொல்லும் கடமை தலைமைக்கு உண்டு.

தொழிலாளர் பக்கத்துச் சந்தேகமும் வெறும் பிடிவாதம் ஆகாது. 'நாம் எல்லாரும் ஒரே குடும்பம்' என்று ஆண்டு விழா மேடையில் கேட்டவர்கள், அடுத்த காலாண்டிலேயே ஆட்குறைப்புப் பட்டியலைப் பார்த்ததுண்டு. அழகான கதைக்குப் பின்னால் யாருடைய இழப்போ மறைந்திருக்குமோ என்ற அச்சம் பட்டறிந்து வந்தது. பேச்சு வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள் என்று தொழிற்சங்கம் கேட்பதில் தவறே இல்லை.

இந்த இரு நியாயங்களும் சந்திக்கும் இடம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. பால் கூட்டுறவின் ஆதரவில் எடுத்த படம் என்பதால் விளம்பரமாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அது தன் தரப்பின் குறைகளை ஒளிக்கவில்லை. சங்கம் அமைக்க வந்த குழுவில் ஒருவர் ஊர்ப் பெண்ணிடம் தவறாக நடந்து, ஊரின் நம்பிக்கையைக் கெடுக்கிறார். சாதிப் பிளவு சங்கத் தேர்தலுக்குள்ளேயே வெடிக்கிறது. கிரீஷ் கர்னாட் நடித்த டாக்டர் ராவ் வெற்றி வீரராக விடைபெறவில்லை. வேலை பாதியில் நிற்க, ஊரை விட்டுப் போகிறார். முதலில் அவரை நம்பாமல் முறைத்துக்கொண்டு நின்ற போலாதான், நசீருத்தீன் ஷா நடித்த பாத்திரம், சங்கத்தை மேலே நடத்தத் துணிகிறார். உழவர்கள் படத்தை நம்பியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தாங்கள் பட்ட சிரமமும் அதில் இருந்தது. கடைசியில் பொறுப்பு தங்கள் கையிலேயே வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. படம் வந்தபோது கேடா சங்கத்துக்கு 30 வயது. அத்தனை ஆண்டுகளாகப் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ற பணத்தைக் கையில் கொடுத்து வந்திருந்தார்கள். காலூன்ற அந்த நிலம் இல்லாதிருந்தால் 2 ரூபாய் கேட்டாலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே கணக்கு கேட்கும் தொழிலாளியும் கதை சொல்ல விரும்பும் மேலாளரும் எதிரிகள் அல்லர். ஒருவர் கேட்பதை மற்றவர் கொடுத்துவிட்டால் பேச்சுக்கு மதிப்பு வந்துவிடும்.

தமிழகத்துக்கு இது தொலைதூரச் செய்தியும் அல்ல. ஆவின் நடப்பது ஆனந்த் வகுத்த மூன்றடுக்கு முறையில்தான்: கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம். விடியற்காலையில் பால் கேனோடு வரிசையில் நிற்கும் அம்மாவும் அதில் ஓர் உரிமையாளர். கொள்முதல் முறையிலோ சோதனைக் கருவியிலோ மாற்றம் வரும்போது, அது ஏன் என்பதை அவருக்கு அவர் ஊர்க்காரர் ஒருவரே சொன்னால் நன்றாக இருக்கும். அவர் கண்ணெதிரே மாதிரி எடுத்து, கொழுப்பு அளவை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

திருப்பூர்ப் பின்னலாடைக் கூடத்துக்கும் கோவைப் பவுண்டரிக்கும் இது பொருந்தும். மாற்றத்தை முதலில் முயன்று பார்த்த பிரிவின் தொழிலாளி, தடுமாறிய நாள்களையும் சேர்த்து, மற்ற பிரிவினரிடம் பேசட்டும். அவர் பேசுவதை நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டாம். யாருக்கு வேலை மாறும், யாருக்குப் பயிற்சி கிடைக்கும், கூலியில் என்ன நடக்கும் என்பதை அதே கூட்டத்தில் எழுத்தில் வைக்கட்டும். தொழிற்சங்கமும் முதல் நாளே மறுத்துவிடாமல் ஒரு கால அளவு ஒப்புக்கொண்டு, அது முடிந்ததும் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. அடுத்த மாதாந்திரக் கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.