கோடு விழும் இடம்

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒருவகைத் துக்கம் அனுட்டிக்கப்படுவதை வாசகர் கவனித்திருப்பர். வைத்தியமும் பொறியியலும் தப்பிப்போன பிள்ளைக்கு வேறொரு துறையில் இடங் கிடைத்திருக்கும். அதனை அயலாருக்குச் சொல்லும்போது பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொள்வர். அவ்வாறு தாழ்ந்த குரலிற் சொல்லப்படும் துறைகளுள் ஒன்று நகர, கிராமத் திட்டமிடல். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் அதற்கெனத் தனிப் பட்டமே வழங்குகின்றது. "அது என்ன மாஸ்டர், றோட்டுக்குக் கோடு போடுகிற வேலையோ?" என்று தந்தையார் ஒருவர் நம்மிடம் வினவினார். கேள்வி நியாயமானதே. கோடு போடுவதுதான் வேலை. அக் கோடு எவருடைய அடுப்படி மீது விழுகின்றது என்பதிலேதான் அத் தொழிலின் பெருமையும் சிறுமையும் அடங்கியுள்ளன.

இத் தொழிலின் மூலபுருடர்களுள் ஒருவர் பற்றிக் கெடிஸ். 1854ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திற் பிறந்தவர். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து ஒரு வாரத்திலேயே வெளியேறியவர். இறுதிவரை பட்டம் எதுவும் பெற்றிலர். (பட்டதாரி ஆசிரியராகிய நாம் இவ்விடத்தைச் சற்று விரைவாகவே கடந்து செல்ல விரும்புகின்றோம்.) 1879இல் மெக்சிக்கோ சென்றவிடத்து அவருடைய கண்பார்வை சிலகாலம் மங்கிற்று. நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து ஆராயும் வாழ்வு அதனால் தடைப்பட்டது. செடியையும் அதன் சூழலையும் பிரித்துப் பாராத அவர், மனிதனையும் அவன் குடியிருக்கும் தெருவையும் அவ்வாறே நோக்கத் தலைப்பட்டார். 1886இல் அன்னா மோட்டன் என்னும் பெண்மணியை மணந்தார். மணமக்கள் குடிபுகுந்த இடம் எடின்பரோவின் பழைய நகரிலே, சேரியாய்ச் சீரழிந்துபோன ஒரு மாடிக் குடியிருப்பு. அங்கே அயலாரையுங் கூட்டிக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தனர். பலகணிகளிற் பூஞ்செடி வைத்தனர். நகர் திருத்தும் அவருடைய பணி இவ்வாறு தம் வாயிற்படியிலிருந்தே தொடங்கிற்று.

1914இல், சென்னைத் தேசாதிபதியாயிருந்த பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று அவர் இந்தியாவுக்கு வந்தார். பல்லாண்டு முயன்று தேடிய நகரப் படங்களும் வரைபடங்களும் வேறொரு கப்பலிற் பின்னே வந்துகொண்டிருந்தன. அக் கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது! ஆம்; சென்னைத் துறைமுகத்திற் குண்டு வீசி, தமிழ்ப் பேச்சு வழக்கிலும் தன் பெயரைப் பொறித்துச் சென்ற அதே எம்டன்தான். வாழ்நாளின் உழைப்பு கடலடியிற் கிடக்க, மனிதர் இடிந்து போனாரல்லர். ஐரோப்பாவிலிருந்த நண்பர்கள் புதிதாய்ச் சேகரித்து அனுப்பியவற்றைக் கொண்டு 1915இற் சென்னையிலே கண்காட்சியை நடத்தி முடித்தார்.

பின்னர் ஊர் ஊராக நடந்தார். நடந்தார் என்பதனை அழுத்திச் சொல்லுகின்றோம். அக்காலத்துப் பொறியியலாளர் பலர் மேசை மீது படத்தை விரித்து, அடிமட்டத்தை வைத்து, சன நெருக்கம் மிக்க பகுதியின் குறுக்கே நேர் வீதிகளை இழுத்துவிடுவர். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கும் அத்தகைய திட்டம் ஒன்று ஆயத்தமாயிருந்தது. கெடிஸ் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று பார்த்தார். புதிய வீதிகள் அங்கே வேண்டியதில்லை என்பது அவர் கண்ட முடிவு. உள்ள சந்துகளைச் சற்றே அகலப்படுத்தி, இடிந்து பாழாய்க் கிடந்த வீடுகள் சிலவற்றை மாத்திரம் அகற்றி, வெறும் வளவுகளையும் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொரு வீட்டுக்குங் காற்றும் வெளிச்சமும் கிடைத்துவிடும், குடிகளை எழுப்ப வேண்டியதில்லை, செலவும் குறைவு. இம் முறைக்கு அவர் இட்ட பெயரைத் தமிழிற் 'காக்குஞ் சத்திரசிகிச்சை' எனலாம். நுளம்புக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முற்பட்ட நகரசபைகளிடம், மீனும் வாத்தும் விட்டாற் போதுமே என்றார். யாழ்ப்பாணத்திலே தூர்க்கப்பட்ட குளங்களின் மேல் எழுந்த கட்டிடங்களுக்குள் மாரிதோறும் வெள்ளம் புகும்போது அவருடைய வார்த்தை நமக்கு நினைவு வருகின்றது.

இந்தூரில் நிகழ்ந்ததை இன்னுஞ் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. கையில் வரைபடத்தோடு தெருத் தெருவாய்த் திரிந்த தாடிக்கார வெள்ளையரைக் கண்ட மக்கள், நோயைக் கொண்டுவருபவரே இவர்தாம் என்று அஞ்சி ஒதுங்கினர். வீட்டை இடிக்க வந்த உத்தியோகத்தரைத் தவிர வேறெவரும் வரைபடத்தோடு வந்து அவர்கள் கண்டதில்லை. கெடிஸ், சமஸ்தான மன்னரிடஞ் சென்று ஒருநாள் அதிகாரத்தைத் தமக்குத் தருமாறு கேட்டார். தீபாவளி ஊர்வலம் அவ்வாண்டு வழமையான வழியிற் செல்லாது, எத் தெருவார் தம் வீட்டையும் வாயிலையும் நன்றாய்த் துப்புரவு செய்கின்றனரோ அத் தெரு வழியே செல்லும் என்று அறிவித்தார். ஊர் முழுவதும் விளக்குமாறு ஓயாது அசைந்தது. குப்பை வண்டி வண்டியாய் வெளியேறிற்று. ஊர்வலத்திலே அழுக்கரக்கனின் பேருருவமும், கொள்ளைநோய் பரப்பும் பெருச்சாளியும் வந்தன. அவற்றின் பின் தெருக்கூட்டும் தொழிலாளர் வெள்ளுடை அணிந்து, மாலை சூடி, வரிசையாய் நடந்துவந்தனர். நகரத்தையே தெய்வமாய்ப் பாவித்த தேரும் வந்தது. ஈற்றில் அரக்கனும் பெருச்சாளியும் தீக்கிரையாயின. வீடுகளுக்குத் துளசிக் கன்று வழங்கப்பட்டது. நம் கோவில் வீதிகளைத் திருவிழாவுக்கு முதல்நாள் பார்த்தவர்கள் இந்த உபாயத்தின் நுட்பத்தை எளிதில் உணர்வர். சட்டம் விதித்தும் தண்டம் அறவிட்டும் கூடாத காரியத்தைச் சுவாமி வரும் வழி என்ற ஒரு சொல் முடித்துவிடும்.

1917ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டாயிற்று. மூத்த மகன் அலஸ்டயர் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். செய்தி வந்தவேளை அன்னா அம்மையார் இந்தியாவிலே நோயுற்றுக் கிடந்தார். கணவர் அதனை அவருக்குச் சொல்லவில்லை. மகன் உயிரோடிருக்கின்றான் என்ற எண்ணத்தோடேயே அம்மையார் கண்மூடினார். இரு துயரையும் உள்ளடக்கிக்கொண்டு, அடுத்த ஆண்டில் இந்தூர் அறிக்கையை இரு பாகமாக வெளியிட்டார். 1921இற் கொழும்புக்குரிய முதலறிக்கையும் அவர் கையால் எழுதப்பட்டதே. 1932இல் மொன்பெலியே நகரிற் காலமானார்.

அவர் திட்டமிட்டவை யாவும் நிறைவேறின என்று எவரும் மயங்க வேண்டா. பெரும்பாலானவை ஏட்டளவில் நின்றன. பொறியியலாளர் அவரை விரும்பவில்லை. தாடிக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார் என்றும், பின்வாங்கிலிருப்பவனுக்கு ஒன்றுங் கேளாது என்றும் அவர் விரிவுரைகளைக் கேட்டோர் குறைபட்டுக்கொண்டனர். எழுத்தோ அதனினும் மோசம் என்பர்.

கெடிஸ் வண்டியையும் குதிரையையும் கண்ட தலைமுறையினர். மோட்டார் வாகனங்கள் தெருவை விழுங்கிய காலத்தில் இதே தொழிலைச் செய்து காட்டியவர் பிறேசில் நாட்டு ஜைமே லேர்னர். 1937இற் பிறந்தவர், கட்டிடக்கலை கற்றவர். 1971இல், முப்பத்துமூன்று வயதிற் குரிட்டிபா நகரின் மேயரானார். மறு ஆண்டிலே, ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கித் திங்கட்கிழமைக்குள், நகரின் முதன்மை வணிக வீதியை வாகனங்கள் செல்லாத நடைவீதியாக மாற்றிவிட்டார். வணிகர் ஆத்திரமடைந்தனர். மோட்டார்காரர் கூட்டமாய் வந்து வீதியைக் கைப்பற்றுவோம் என்றனர். வந்து பார்த்தால், வீதி நெடுகக் கடதாசி விரித்துச் சிறுவர்கள் சித்திரம் வரைந்துகொண்டிருந்தனர்! சின்னாளில் வணிகர்களே, எங்கள் தெருவையும் இவ்வாறாக்குக என்று கேட்டு வந்தனர்.

நிலத்தடிப் புகையிரதம் அமைக்கப் பணம் இல்லை. ஆகவே 1974இல் பஸ் வண்டிகளுக்கெனத் தனிப் பாதை ஒதுக்கினார். 1991இற் கண்ணாடிக் குழாய் போன்ற தரிப்பிடங்கள் எழுந்தன. அங்கே கட்டணத்தை முன்னரே செலுத்திவிட்டு, பஸ்ஸின் தட்டுக்குச் சமமான மேடையில் நிற்க வேண்டும். கதவு திறந்ததும் கிழவியும் படி ஏறாமலே உள்ளே செல்லலாம். கொலம்பியாவின் பொகொட்டா நகர் 2000ஆம் ஆண்டில் இம்முறையைத் தழுவிக்கொண்டது. குப்பை வண்டி நுழைய முடியாத சேரிச் சந்துகளை லேர்னர் இடித்து அகலமாக்கவில்லை. குப்பையைச் சந்தின் முகப்புக்குக் கொண்டுவந்து கொடுப்போருக்குப் பஸ் சீட்டும் உணவுப் பொருளும் வழங்கச் செய்தார். தஞ்சைச் சந்துகளிற் கெடிஸ் கண்ட வழிக்கு இது அந்நியமன்று.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. முதலிரு தடவையும் லேர்னரை மேயராக்கியவர்கள் வாக்காளரல்லர். இராணுவ ஆட்சியினரே நியமித்தனர். மூன்றாந் தடவை, 1988இல்தான் மக்கள் வாக்களித்துத் தெரிந்தனர். மூன்று நாளில் ஒரு வீதியை மாற்றும் வேகம் கேள்வி கேட்பாரில்லாத அதிகாரத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்பதே நம் எண்ணம். நடைவீதி நல்லதாய் முடிந்தது. அதே அதிகாரம் வேறொரு கையில், தஞ்சையின் குறுக்கே நேர்கோடு இழுத்திருக்கும்.

நம்மைக் கேட்ட தந்தையாருக்கு இவ்வளவையுஞ் சொல்லப் பொழுதிருக்கவில்லை. உத்தியோகத்தைப் பற்றியே சொன்னோம். நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் உள்ளூராட்சி மன்றங்களிலும் வேலைவாய்ப்பு உண்டு. வெயிலில் சந்தியிலே நின்று எத்தனை பேர் நடந்து, எத்தனை பேர் துவிச்சக்கர வண்டியில், எத்தனை பேர் பஸ்ஸில் போகின்றனர் என்று எண்ண வேண்டியிருக்கும். வீடு வீடாய்ச் சென்று, திட்டுவோரிடமும் வினாத்தாளை நிரப்ப வேண்டியிருக்கும். வரைந்த திட்டத்தை அரசியல்வாதி ஒருவர் ஒரே வார்த்தையால் மாற்றிவிடவுங் கூடும். மகள் கணிதத்தில் எப்படி என்று கேட்டோம். கணிதம் பரவாயில்லை, ஆனால் வீட்டில் இருக்கமாட்டாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவாள் என்று முறைப்பட்டார். அப்படியானால் தாமதியாமல் அனுப்பிவையுங்கள் என்றோம்.