வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது தை பிறந்திருக்கும். பொங்கல் வாழ்த்துகள். பண்டிகை முடிந்த கையோடு ஜனவரி 26 வந்துவிடும். ஊருக்கு ஊர் ஷாமியானா போட்டு, நாற்காலி அடுக்கி, கிராம சபை கூடும். அந்தக் கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கு நேரும் கதியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் அலுவலகத்துக்குக் கிராமங்களிலிருந்து வரும் கடிதங்களில் பாதி, குறை சொல்லும் கடிதங்கள்தான். தெருவிளக்கு எரியவில்லை, தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது, சாக்கடை வழிகிறது என்று எழுதுகிறீர்கள். எல்லாம் நியாயமான குறைகள். ஆனால் அந்தத் தெருவிளக்குக்கு இந்த ஆண்டு ஊராட்சி எவ்வளவு ஒதுக்கியது, எவ்வளவு செலவழித்தது என்று எழுதுபவர்கள் மிகவும் குறைவு. கேட்டால் சொல்வார்களா என்ற சந்தேகமே நம்மில் பலருக்கு இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் பொறுப்பைக் கிராம சபையிடம் கொடுத்திருக்கிறது. கிராம சபை என்பது தலைவரோ வார்டு உறுப்பினர்களோ அல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சேர்ந்ததுதான் கிராம சபை.

சென்ற ஆண்டு காவிரிப் படுகையில் ஒரு கிராம சபையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஊராட்சி செயலர் செலவுப் பட்டியலை மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். பிளீச்சிங் பவுடர், தூய்மைக் காவலர் ஊதியம், பல்பு, மோட்டார் பழுது. முன்வரிசையில் இருந்த மகளிர் குழுப் பெண் ஒருவர் கையைத் தூக்கினார். "சார், கொஞ்சம் நிறுத்துங்க. மோட்டார் பழுதுன்னு படிச்சீங்களே, அது எந்த மோட்டாரு? எங்க தெரு மோட்டாரு ஆடி மாசத்திலேர்ந்து ஓடலையே." செயலர் பக்கங்களைப் புரட்டினார். பழுது பார்த்தது பக்கத்துக் குக்கிராமத்து மோட்டார். தவறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. அதுவரை நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். செயலர் ஒவ்வொரு இனத்தையும் எந்தத் தெரு, என்ன வேலை என்று சொல்லிச் சொல்லி வாசித்தார். அந்தப் பெண்ணின் தெரு மோட்டாரை மாற்றுவது தீர்மானமாக எழுதப்பட்டு, அங்கேயே உரக்க வாசிக்கப்பட்டது.

கிராம சபை நடக்கும் இடத்தில் ஊராட்சியின் வரவு செலவை மக்கள் முன் வாசிக்க வேண்டும் என்பதும், படிவம் 30 எனப்படும் அறிக்கையின் சுருக்கத்தைப் பேனராக வைக்க வேண்டும் என்பதும் அரசே சொல்லியிருப்பதுதான். பேனர் இல்லையென்றால் எங்கே என்று கேளுங்கள். இருந்தால் கிட்டப் போய்ப் படியுங்கள். வழக்கமாக ஊராட்சிக்கு மூன்று கணக்குகள். முதல் கணக்கில் வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம் ஆகியவை சேரும். அன்றாடச் செலவு அதிலிருந்து போகும். இரண்டாவது, மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதும். மூன்றாவது, திட்டப் பணம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் "நிதி இல்லை" என்ற பதில் எவ்வளவு உண்மை என்று உங்களுக்கே விளங்கிவிடும். சில பணத்தை நினைத்தபடி செலவழிக்க முடியாது என்பதும் தெரியவரும். பதினைந்தாவது மத்திய நிதிக்குழு 2021 முதல் கொடுத்த மானியத்தில் அறுபது சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. அதில் சமுதாயக் கூடம் கேட்டுத் தலைவரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

கணக்கைக் கூர்ந்து பார்த்த ஊர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை நல்ல சாட்சி. ஊராட்சியின் செலவில் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைக் கவனித்து, அதைக் குறைக்க வழி தேடினார்கள். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006-ல், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1.55 கோடி ரூபாய்க்கு வாங்கியது அந்த ஊராட்சி. சேமிப்பிலிருந்து 40 லட்சம், மீதி வங்கிக் கடன். மின்சாரம் விற்ற வருமானத்திலேயே கடன் அடைந்தது. எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். செலவுப் பட்டியலில் எந்த வரி வளர்கிறது என்று ஒருவர் கவனித்ததில்தான் எல்லாமே தொடங்கியது.

நம்மிடம் உள்ள குறைகளையும் பேசிவிட வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்ப ஐம்பது பேர், நூறு பேர் என்று கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. அதைக் காட்டுவதற்காக நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவதும், தீர்மானப் பதிவேட்டில் இடம் விட்டுவைத்துப் பிறகு நிரப்புவதும் பல ஊர்களில் நடக்கிறது. இது மிகவும் கேவலமான பழக்கம். கையெழுத்துப் போடும் முன் தீர்மானம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இடம். ஒரு ஊராட்சிக்குள் நாலைந்து குக்கிராமங்கள் இருக்கும். கூட்டம் எப்போதும் தாய்க்கிராமத்திலேயே நடந்தால் கடைக்கோடிக் காலனிக்காரர் எப்படி வருவார்? வந்தாலும் எங்கே உட்காருவார், எப்போது பேசுவார்? கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே கிராம சபை வார்டுக்கு வார்டு கூடுகிறது. நமக்கு அப்படியில்லை. ஆனால் கூட்டத்தைக் குக்கிராமங்களில் மாறி மாறி நடத்தலாம். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் கையில் இருக்கிறது.

2022-லிருந்து கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை. பழைய நான்கு நாள்களோடு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ம் சேர்ந்துகொண்டன. ஆறில் வரவு செலவுக்கு முக்கியமானவை ஜனவரியும் மார்ச்சும். ஏப்ரல் 1-ல் புதிய நிதியாண்டு பிறந்துவிடும். ஒதுக்கீட்டை மாற்றும் வாய்ப்பு இருக்கும்போதே பேச வேண்டும். ஆகஸ்ட் 15-ல் எழுந்து "எங்கள் தெருவுக்கு ஏன் பணம் வைக்கவில்லை" என்று கேட்டால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைக்கும்.

தலைவரே இல்லாத ஊரில் யாரிடம் கேட்பது என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். 2016-க்குப் பிறகு மூன்றாண்டுக்கும் மேல் தேர்தல் நடக்கவில்லை. 2025 ஜனவரி 5-ல் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலை இப்படித் தள்ளிப்போடுவது மக்களுக்கு இழைக்கும் அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பதவிக்காலம் முடிவது தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்தான். கிராம சபைக்கு இல்லை. தனி அலுவலரும் அதே கணக்கை அதே மக்கள் முன்தான் வைத்தாக வேண்டும். இப்படிப்பட்ட காலத்தில் நீங்கள் கூட்டத்துக்குப் போவது இரண்டு மடங்கு அவசியம்.

எனவே ஒரு வேண்டுகோள். ஜனவரி 26 அன்று வீட்டிலுள்ள பெண்களையும், முதல் முறை வாக்குரிமை பெற்ற பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிராம சபைக்குப் போய்வாருங்கள். வரவு செலவு வாசிக்கப்பட்டதா, பேனர் இருந்ததா, நீங்கள் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பிப்ரவரி 10-க்குள் வந்து சேரும் கடிதங்களை மார்ச் இதழில் வெளியிடுகிறோம். மார்ச் 22 கூட்டத்துக்குப் போகும் மற்ற ஊர்க்காரர்களுக்கு அவை உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்