சிவப்புப் பேனையால் வெட்டிய வரி

விலைமனுவின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. இரும்புச் சாரமரம், இடுப்புப் பட்டி, தலைக்கவசம், வேலையாட்களுக்கான காப்புறுதி என்று எழுதி, எல்லாவற்றுக்குமாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். களுபோவிலயில் எங்கள் தொடர்மாடிக்கு வெளிச்சுவர் பெயின்ற் அடிக்க மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தோம். இவருடையதுதான் கூட. "இந்த வரியை எடுத்திட்டா மற்ற ரெண்டு பேரின்ர விலைக்கு வந்திடும்" என்றார் குழுவில் ஒருவர். பொருளாளர் என்பதால் பேனை என் கையில் இருந்தது. வெட்டினேன். சுற்றியிருந்த ஆறு பேரில் ஒருவர்கூடப் பொறுங்கள் என்று சொல்லவில்லை. தேநீர் வந்தது. தண்ணீர்ப் பம்ப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

எழுதுவது நான் ஒருவன் என்றாலும் செய்தது முகாமைத்துவக் குழுவில் இருந்த ஏழு பேரும்தான். செலவு குறைந்தது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட மற்ற வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. அதனால் நாங்கள் என்றே எழுதுகிறேன்.

கொந்தராத்துக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் அனுப்பிய இரண்டு இளைஞர்களும் ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் தூணில் நைலோன் கயிற்றைக் கட்டி, ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் இருந்தபடி அடித்தார்கள். கயிறு கைப்பிடிச் சுவரின் விளிம்பில் உராய்ந்துகொண்டு இறங்கியது. அந்த விளிம்பில் ஒரு சாக்குத் துண்டை மடித்து வைத்திருந்தார்கள். காற்றடித்தால் அது நகரும். இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மா ஜன்னலைத் திறந்து, "தம்பி, இடுப்பில ஒண்டும் கட்டேல்லையே?" என்று கேட்டிருக்கிறார். "பழக்கந்தாங்கம்மா, ஒன்னும் ஆவாது" என்று அந்தப் பையன் சிரித்திருக்கிறான். அன்று மாலை படியில் என்னைக் கண்டு அவர் இதைச் சொன்னார். அவங்களுக்குத் தங்கட வேலை தெரியும் அக்கா என்று சொல்லிவிட்டு நான் மேலே போனேன்.

ஒன்பதாம் நாள், காலை மழை விட்டதும் வேலைக்கு ஏறினார்கள். மூன்றாம் மாடி உயரத்தில் கயிறு அறுந்தது. வாகனத் தரிப்பிடத்தின் அஸ்பெஸ்டஸ் கூரையை உடைத்துக்கொண்டு அந்தப் பையன் கீழே விழுந்தான். அந்தக் கூரைதான் உயிரைக் காத்தது என்று பிறகு சொன்னார்கள். 1990 சுவசெரிய வண்டி வந்தது. கொழும்புத் தெற்கு போதனா வைத்தியசாலை எங்களுக்கு நடந்து போகும் தூரம். விபத்துப் பிரிவு வாசலில் நின்றபோது, இடுப்பெலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். கூட வந்த மற்றப் பையன் பெயின்ற் காய்ந்த கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, கன்னமெல்லாம் வெள்ளையாக நின்றான்.

அந்த மாதக் கூட்டக் குறிப்பில் நாங்கள் எழுதியது இது: "பெயின்ற் அடித்தவர் கவனக்குறைவால் வழுக்கி விழுந்தார். மனிதாபிமான அடிப்படையில் 25,000 ரூபா வழங்கப்பட்டது." ஏழு பேரும் கையெழுத்திட்டோம். கவனக்குறைவு என்ற சொல்லை யார் முதலில் சொன்னது என்று இப்போது நினைவில்லை. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், ஒருவர் கணக்காளர், இன்னொருவரின் மகள் சட்டத்தரணி. சட்டம் எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்கள் யாருமில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளையும் தன் கைக்குள் வைத்திருக்கிறது. ஒரு விபத்து உயிரைப் பறித்தாலோ, மூன்று நாளுக்கு மேல் ஒருவரை உழைக்க முடியாமல் ஆக்கினாலோ, மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. மூன்று நாளா? அந்தப் பையன் மாதக்கணக்கில் படுத்திருந்தான். நாங்கள் அறிவிக்கவுமில்லை, கொந்தராத்துக்காரர் அறிவித்தாரா என்று கேட்கவுமில்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதைவிடப் பழையது, 1934இல் வந்தது. 2022இல் திருத்தி, நட்டஈட்டின் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியிருக்கிறார்கள். நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம் என்று அவனுக்குச் சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம் போதும். போனால் எங்கள் பெயரும் வெளியே வரும் என்பதால் சொல்லாமல் விட்டோம். இந்த முழுக் கதையிலும் என்னால் தாங்க முடியாத இடம் இதுதான்.

இவ்வளவுக்கும் பரிசோதனை என்ற சொல் எங்கள் கட்டடத்தில் அடிக்கடி புழங்கியது. காப்புறுதிக்காக வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து பார்ப்பார். வரும் நாளை ஒரு கிழமைக்கு முன்பே சொல்லிவிடுவார். முதல்நாள் மாலை அவசரப் படிக்கட்டிலிருந்து பழைய மெத்தைகள், பிள்ளைகளின் சைக்கிள்கள், ஒரு உடைந்த ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் காவலாளியின் அறைக்கு மாற்றுவோம். மூன்றாம் நாள் அவை திரும்பப் படிக்கட்டுக்கு வந்துவிடும். தீயணைப்புச் சிலிண்டர்களில் தொங்கும் அட்டையை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே பேனை, ஒரே சாய்வு. ஒரே இருப்பில் போட்ட கையெழுத்துகள். மேலே இருந்த அளவுமானியின் முள் பச்சையை விட்டுச் சிவப்புக்குப் போயிருந்தது. அட்டையைத் திருப்பித் தொங்கவிட்டேன். ஒருவருக்கும் அறிவிக்கவில்லை.

தொழில் பரிசோதனை பற்றிய 81ஆம் இலக்கச் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1956இலேயே ஏற்றுக்கொண்டது. பரிசோதகர் முன்னறிவித்தல் இல்லாமல், இரவோ பகலோ எந்த நேரத்திலும் வேலைத்தலத்துக்குள் போகலாம் என்பது அதன் அடிப்படை. முறைப்பாடு செய்தவர் யார் என்பதை வெளிவிடக்கூடாது என்பதும் அதிலே இருக்கிறது. இரண்டாம் மாடி அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் என்னிடம் வந்திருக்க மாட்டார்.

2017 மே 18ஆம் திகதி வெள்ளவத்தையில், சவோய் திரையரங்குக்குப் பக்கத்தில் சார்லிமன்ட் வீதியில், மாடிக் கட்டடமொன்றின் பகுதி இடிந்து விழுந்தது. இருபது பேருக்கு மேல் காயப்பட்டார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. காலி வீதியெங்கும் சனம். அந்தக் கிழமை எங்கள் கட்டடத்தில் அவசரக் கூட்டம் போட்டோம். பொறியியலாளரை வைத்துத் தூண்களைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தோம். தீர்மானம் புத்தகத்தில் இருக்கிறது, பொறியியலாளர் வரவில்லை. அடுத்த வருடம் ஏப்ரலில் ஹொரணை பெல்லப்பிட்டியவில் இறப்பர் தொழிற்சாலையொன்றின் தொட்டிக்குள் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்த்து ஐந்து பேர் நச்சு வாயுவில் இறந்தார்கள். அதைப் பத்திரிகையில் வாசித்து உச்சுக்கொட்டினோம். அதே வருடம்தான் எங்கள் நிலக்கீழ்த் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒருவரை இறக்கி, உள்ளே நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு அடிக்க வைத்தோம். இரண்டு முறை வெளியே வந்து வாந்தியெடுத்தார். ஒரு மின்விசிறியைக்கூட நாங்கள் மூடிக்குப் பக்கத்தில் வைக்கவில்லை.

சான்றிதழ் ஒருவரைக் காப்பாற்றாது என்பதற்குக் கராச்சியைவிட வேறு சாட்சி தேவையில்லை. 2012 செப்டம்பர் 11ஆம் திகதி அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி, வாசல்களுக்குப் பூட்டு. சில கிழமைகளுக்கு முன்னர்தான் அதற்கு எஸ்ஏ 8000 என்ற சர்வதேசத் தரச்சான்று கிடைத்திருந்தது. அங்கே வந்து பார்த்தவர்களும் யாரோ ஒருவர் கொடுத்த தேநீரைக் குடித்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை, களுபோவில வரை கடந்த முப்பது வருடத்தில் எழுந்த மாடிகளில் எங்கள் சனத்தின் பணம் நிறைய இருக்கிறது. வீடு வாங்கும்போது வாசல் எந்தத் திசை, உறுதியில் பிழை உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டோம். அந்தத் தட்டை ஊற்றியவர்களும் கல் சுமந்தவர்களும் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, கதவு போடாத மாடிகளிலேயே படுத்தெழும்பிய பிள்ளைகள். அவர்களில் யாராவது விழுந்தார்களா என்று ஒரு வீட்டுக்காரரும் கேட்டதாக நான் அறியேன். தமிழர் உரிமை என்றால் கூட்டத்துக்கு முன்வரிசையில் போய் இருப்பவர்கள் நாங்கள். எங்கள் தலைக்கு மேலே கயிற்றில் தொங்கியவனும் தமிழில்தான் பேசினான்.

போன மாதம் அவனுடன் தொலைபேசியில் பேசினேன். ஹற்றன் டவுனில் பலசரக்குக் கடையொன்றில் நிற்கிறான். வலது கையால் பாரம் தூக்க ஏலாது. நலம் விசாரித்துவிட்டு, "மிச்சச் சுவர யாருங்க ஐயா அடிச்சது?" என்று கேட்டான்.

பழைய கூட்டப் புத்தகத்தை எடுத்து அந்தக் குறிப்பின் கீழே எழுதினோம்: சாரமரத்துக்கும் இடுப்புப் பட்டிக்குமான தொகையை இந்தக் குழு வெட்டியது; கயிறு அறுந்தது; விபத்து அறிவிக்கப்படவில்லை; கவனக்குறைவு எங்களுடையது. ஒரு பிரதியை அவனுக்குத் தபாலில் அனுப்பினோம், நட்டஈட்டு ஆணையாளரிடம் காட்டுவதற்கு. ஆறு பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். ஏழாமவர் கனடாவில் மகனிடம் போயிருக்கிறார். அவருக்கான இடத்தை விட்டு வைத்திருக்கிறோம்.