கொழுப்பு காக்குமா?

'சோற்றைத் தொலை, நெய்யும் ஊனும் நிறைய உண், நீரிழிவு அண்டாது' என்றொரு கூக்குரல் இன்று எங்கும் கேட்கின்றது. அரையுண்மையை முழுவுண்மையாக்கும் பேச்சு இது!

நீரிழிவுற்றவர் மருத்துவர் மேற்பார்வையில் மாவுப்பொருளைக் குறைத்தால் குருதியில் இனிப்பு தணியும், மறுப்பதற்கில்லை. ஆனால் வந்த நோயைத் தணிப்பது வேறு. வருமுன் காப்பது வேறு.

ஆத்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், 40 முதல் 69 அகவை வரையுள்ள ஏறத்தாழ 39,000 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2024-இல் வெளிவந்தது. உணவாற்றலில் 38 விழுக்காட்டை மட்டும் மாவுப்பொருளால் பெற்றவர்க்கு, 55 விழுக்காடு பெற்றவரைவிட, நீரிழிவு வரும் வாய்ப்பு 20 விழுக்காடு மிகுதி! இவ்வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு உடற்பருமனே கரணியமெனக் கண்டனர். வியப்பென்ன? ஒரே எடையில், மாவுப்பொருளினும் கொழுப்பு இருமடங்குக்கு மேல் ஆற்றல் தருவதன்றோ? கூலத்தைத் தள்ளுங்கால் அதன் நார்ப்பொருளும் உடன் போகின்றதே!

இஃது ஒரு தொடர்பைக் காட்டும் ஆய்வேயன்றி முடிந்த முடிபன்று. எனினும் எச்சரிக்கை தெளிவானது. தீட்டிய வெள்ளரிசியையும் வெண்மாவையும் இனிப்பையும் குறையுங்கள். அவ்விடத்தை ஊன்கொழுப்பால் நிரப்பாதீர்கள். தவிடு நீங்காக் கூலத்தாலும் பயற்றாலும் கீரையாலும் நிரப்புங்கள். பகை சோறன்று, தவிட்டை எறிந்த அறியாமையும் அளவு மறந்த நாவுமே!