ராம் வாங்கும் முன் அளந்து பாருங்கள்!

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது, ராம் போட வேண்டுமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கடையில் கேட்டால் "போட்டுவிடலாம் சார்" என்று உடனே பதில் வரும். நான் மட்டும் "எது ஸ்லோ என்று பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்பேன். பலருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். நண்பர் ஒருவரின் கடைக்கு வாடிக்கையாளர் பட்டியல் காட்டும் சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பட்டியல் வளர வளர அது நத்தையாக நகர்ந்தது. பெயர்களை அகர வரிசைப்படுத்தும் பகுதிதான் காரணம் என்று முடிவு கட்டி, இரண்டு மாலைப் பொழுதுகள் அதை மாற்றி எழுதினேன். வேகம் கொஞ்சமும் கூடவில்லை. பிறகு புரொஃபைலர் போட்டுப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஃபைலை ஒருமுறை திறந்து மூடிக் கொண்டிருந்தேன்! எழுதியவனின் ஊகமே இப்படித் தவறினால், பயன்படுத்துபவர் என்ன செய்வார்?

புரொஃபைலர் என்றால் என்ன? வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டு போன்றது அது. புரோகிராம் ஓடும்போது எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்துக் காட்டும். டொனால்ட் நூத் என்ற கம்ப்யூட்டர் அறிஞர் 1971ல் பல ஃபோர்ட்ரான் புரோகிராம்களை ஆராய்ந்தார். பொதுவாக ஒரு புரோகிராமின் 4 சதவீதத்திற்கும் குறைவான பகுதிதான் ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக் கொள்கிறது என்று அவர் கண்டார். அந்த 4 சதவீதத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் கணக்கு நோட்டிலும் சிக்கல் உண்டு. "மளிகைக்கு 8,000 ரூபாய்" என்று மட்டும் எழுதி வைத்தால் என்ன பயன்? யாருக்காகச் செலவானது என்று தெரிய வேண்டாமா? யூனிக்ஸில் இருந்த பழைய 'புரொஃப்' இப்படித்தான் காட்டியது. 1982ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கிர்க் மெக்குசிக் ஆகிய மூவரும் இதைத் திருத்தி 'ஜிபுரொஃப்' என்ற கருவியை வெளியிட்டனர். ஒரு பகுதியை யார் அழைத்தது என்று பார்த்து, அந்தச் செலவை அழைத்தவர் கணக்கில் எழுதியது அது.

அதிலும் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு அழைப்பும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்று வைத்துக் கொண்டு, அழைப்புகளின் எண்ணிக்கைப்படி அது நேரத்தைப் பங்கிட்டது. பத்துப் பேருடன் சாப்பிட வந்த உறவினரும் ஒரு காபி குடித்துப் போன பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒருமுறைதானே வந்தார்கள், செலவைச் சமமாகப் போடு என்பது போல! பின்னர் வந்த கருவிகள், குறிப்பிட்ட இடைவெளியில் முழு அழைப்புச் சங்கிலியையும் படம் பிடித்து இதைச் சரி செய்தன. 2011ல் பிரெண்டன் கிரெக் உருவாக்கிய 'ஃப்ளேம் கிராஃப்' அந்தச் சங்கிலிகளை ஒரே படமாக அடுக்கியது. அகலமான பட்டை என்றால் அதிக நேரம் என்று பார்த்த உடனே புரிந்துவிடும்.

2015ல் அமெரிக்காவில் வெளிவந்த 'காஸ்' என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே போனது. "இந்த வரியை வேகப்படுத்தினால் மொத்தத்தில் எவ்வளவு லாபம்?" என்று அது முன்கூட்டியே சொல்கிறது. எப்படி? அந்த வரி ஓடும்போதெல்லாம் மற்ற வேலைகளைச் சற்று நிறுத்தி வைத்துப் பார்க்கிறது. இதன் துணையால் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரை அதை உருவாக்கியவர்கள் 25 சதவீதம் வேகப்படுத்திக் காட்டினர்.

இதெல்லாம் புரோகிராமர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்கிறீர்களா? ஜிடிஏ ஆன்லைன் என்ற கேம் 2013ல் வந்தது. அது திறக்கப் பல நிமிடங்கள் ஆகும். 2021 பிப்ரவரியில் ஒரு புரோகிராமர், அந்த நிறுவனத்தில் வேலை செய்யாதவர், தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதை ஆராய்ந்தார். முதலில் அவர் திறந்தது டாஸ்க் மேனேஜரைத்தான்! டிஸ்கும் நெட்வொர்க்கும் சும்மா இருந்தன. சிபியுவின் ஒரே ஒரு கோர் மட்டும் நிமிடக் கணக்கில் திணறிக் கொண்டிருந்தது. பிறகு புரொஃபைலர் கொண்டு தேடினார். சுமார் 63,000 பொருட்கள் கொண்ட 10 எம்பி பட்டியலைப் படிக்கும்போது, ஒவ்வொரு முறையும் மீதமுள்ள எழுத்துகள் எல்லாவற்றையும் புரோகிராம் எண்ணிக் கொண்டிருந்தது. அது போதாதென்று, புதிய பொருள் ஒவ்வொன்றையும் சேர்க்கும் முன், ஏற்கனவே சேர்த்த அனைத்துடனும் ஒப்பிட்டது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 198 கோடி ஒப்பீடுகள்!

இந்த இரண்டையும் திருத்தியதும் அவர் கம்ப்யூட்டரில் 6 நிமிடம் 1 நிமிடம் 50 விநாடியாகக் குறைந்தது. நிறுவனம் அதை ஏற்று அடுத்த மாதமே அப்டேட் வெளியிட்டது. அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. புது ராம் போட்டிருந்தால் இந்தத் தாமதம் தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்காது.

என் ஆதங்கம் இதுதான். சாஃப்ட்வேர் எழுதுபவர் அளந்து பார்க்காமல் விட்டதற்கு நாம் பணம் கட்டுகிறோம். அவர் ஒரு நாள் செலவிட்டால் தீரும் குறைக்கு, லட்சக்கணக்கானோர் நேரத்தையும் பர்ஸையும் இழக்கிறார்கள். அளக்கும் கருவிகள் ஏராளமாக வந்துவிட்டன, பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை புரோகிராமர்களுக்கு மட்டுமே புரிகின்றன. நம் கையில் இருக்கும் டாஸ்க் மேனேஜரோ இன்னும் அந்தப் பழைய 'புரொஃப்' நிலையில்தான் இருக்கிறது. எந்த புரோகிராம் என்று சொல்லும், எதற்காக என்று சொல்லாது. "இந்த புரோகிராம் டிஸ்குக்காகக் காத்திருக்கிறது" என்று எளிய மொழியில் ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அது வரும் வரை இருப்பதைப் பயன்படுத்துவோம். கம்ப்யூட்டர் திணறும் அதே நேரத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்ற தலைப்புகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, யார் முதலிடத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்.

மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் போடுவது நியாயம். பழைய ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றுவது பற்றி யோசிக்கலாம். சிபியு 12 சதவீதம்தானே என்று ஏமாறாதீர்கள். எட்டு கோர் உள்ள சிபியுவில் ஒரு கோர் முழுதாகத் திணறினால் மொத்தத்தில் சுமார் 12 சதவீதம் என்றுதான் காட்டும். அப்போது குற்றவாளி அநேகமாக அந்த சாஃப்ட்வேர்தான். அதை எழுதியவர்களுக்கு, என்ன செய்தபோது எத்தனை விநாடி ஆனது என்று குறித்து எழுதுங்கள். "ஸ்லோ" என்ற ஒற்றைச் சொல்லை விட அது அவர்களுக்குப் பல மடங்கு உதவும்.

அளந்து பார்க்கச் செலவு எதுவும் இல்லை. அளக்காமல் வாங்கினால்தான் செலவு!