காட்டுமிராண்டி யார்?

வில்லியம் கோல்டிங் என்னும் ஆங்கில ஆசிரியர் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ என்ற நாவலுக்குத் தவறான வியாக்கியானம் ஒன்று வழங்கி வருகிறது. பள்ளியும் பிரம்பும் போலீசும் இல்லாவிடில் மனிதன் மிருகமாகிவிடுவான் என்பதே அந்நூலின் போதனையாம்! இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

கதை இது: அணுகுண்டு யுத்தத்தினின்று தப்புவிக்கப்பட்ட ஆங்கிலச் சிறுவர்கள், விமானம் தாக்கப்பட்டு, மனிதரற்ற தீவொன்றில் வந்து வீழ்கின்றனர். ரால்ஃப் என்பவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கின்றனர். சங்கை ஏந்தியவனே பேசலாம் என்று சபைக்கு விதி செய்கின்றனர். பின்னர் ஜாக் என்பவன் முகத்தில் வண்ணம் பூசி, வேட்டைக் கூட்டம் திரட்டுகிறான். சபை சிதறுகிறது; கொலைகள் நிகழ்கின்றன.

“கட்டுப்பாடு போயிற்று, காட்டுமிராண்டித்தனம் வந்தது” என்பாரை ஒன்று கேட்கிறோம். அவ்வேட்டைக் கூட்டத்தார் யார்? தேவாலயப் பாடகர் குழுவினர்! கறுப்பு மேலங்கி அணிந்து, இரட்டை வரிசையில் அணிவகுத்து வந்தவர்கள்! தீவிலிருந்தோருள் கட்டுப்பாட்டில் சிறந்தவர்கள் அவர்களே. ஏன் என்று கேளாமல் கீழ்ப்படியக் கற்றவர்கள், கொலைக் கட்டளைக்கும் கீழ்ப்படிந்தார்கள்.

சிந்தித்தவர்களின் கதி என்ன? தீ மூட்டப் பிக்கியின் மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்தது. அவன் யோசனை வேண்டியிருக்கவில்லை. அவன் உடலையும் பேச்சையும் நகைத்தார்கள், கண்ணாடியைத் திருடினார்கள், பாறையை உருட்டிக் கொன்றார்கள். அவர்கள் பூதமென்று அஞ்சியதோ, வான்போரில் மாண்டு பாராசூட்டுடன் மலைமேல் வீழ்ந்த ஒருவனின் பிரேதம். நேரிற்சென்று கண்டு, உண்மையை உரைக்க ஓடிவந்த சைமனையே பூதமென்று அடித்துக் கொன்றார்கள். பூதம் யுத்தத்திலிருந்து வந்தது. அதைப் பேணி வளர்த்தது மூட பயம்.

கோல்டிங் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1940-இல் கடற்படை சேர்ந்து, 1944-இல் நார்மண்டிப் படையிறக்கத்தில் பங்குகொண்டவர். முந்தைய நூற்றாண்டில் பாலன்டைன் எழுதிய ‘தி கோரல் ஐலண்ட்’ என்ற கதையில் ஆங்கிலச் சிறுவர்கள் உத்தமர்கள்; தீவுவாசிகளே கொடியவர்கள். கோல்டிங் அக்கதையின் ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களையே எடுத்துக்கொண்டு, அதன் பொய்யைக் கவிழ்த்தார். அவர் தீவில் சுதேசி ஒருவனும் இல்லை. பழிபோட வேறொருவர் இல்லாதபோது பழி யாரைச் சாரும்? ஆயினும், வண்ணம் பூசிய முகத்தையும் ஈட்டியையும் அவர் கொடுமைக்கு அடையாளமாக்கியது அப்பழைய பொய்யின் எச்சமே என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை.

முடிவைக் கவனியுங்கள். ரால்ஃபை வேட்டையாட மூட்டிய நெருப்பின் புகையைக் கண்டே கப்பல் வருகிறது. கரையிறங்கும் அதிகாரி, ஆங்கிலச் சிறுவர்களா இப்படி நடந்தார்கள் என்று வியக்கிறார். அவர் இடுப்பில் கைத்துப்பாக்கி. பின்னால் நிற்பதோ போர்க்கப்பல்! சிறுவர்களின் வேட்டையை நிறுத்தியவரின் வேட்டையை நிறுத்துபவர் யார்?

இது நமக்கு அந்நியமான கேள்வியன்று. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு நம் தோட்டத்து மக்களைக் கொண்டுபோய் மாளவிட்டவர்கள் ஈட்டி ஏந்தியவர்களா? வரைபடமும், எஞ்சினும், இராணுவ உடுப்பும் உடையவர்கள் அல்லரா? 1945-இல் ஹிரோஷிமாவை எரித்த குண்டைச் செய்தவர்கள் கல்லாதவர்களா?

ஆகவே, நாகரிகம் உடுப்பிலில்லை, இயந்திரத்திலில்லை, அணிவகுப்பிலுமில்லை. சைமன் கொண்டுவந்த செய்தியைக் கேட்கும் செவியும், பிக்கியின் சொல்லுக்கு இடந்தரும் சபையும் எங்குண்டோ, அங்கேயே நாகரிகம் உண்டு. ஏனையவை வண்ணம் பூசிய முகங்களே.